செடித்துரை எடுத்துப்போன குழி

மஞ்சக்கரட்டில் குழி களவுபோன அன்று காலையில் பாவாயி தன் புருஷன் நாச்சிமுத்துவைத் தன் கையாலேயே கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிவிட்டிருந்தாள். வயிற்றெரிச்சல் அதுதான். வெறுங்குழி போயிருந்தால், போகிறது சனியன் என்று ஊர் இன்னொரு குழியை வெட்டிக்கொண்டு பிழைப்பைப் பார்த்திருக்கும். ஆளோடு சேர்ந்து போனதால்தான் ஒன்பது வருஷம் அந்த ஊரில் ஒருத்தருக்கும் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

கரடு என்றால் பெரிய மலை ஒன்றும் இல்லை, ஆடு ஏறினால் மூச்சு வாங்காத கல்லுக்குன்று. ஆனால் அதன் வயிற்றுக்குள் வெள்ளைக்கல்லின் நடுவே நூல் நூலாகப் பொன் ஓடியது, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே ஊர்க்காரர்கள் முப்பது ஆள் ஆழத்துக்குப் போயிருந்தார்கள். அவ்வளவு ஆழத்தில் மூச்சு எப்படி விடுவீர்கள், ஊற்றுத்தண்ணீர் எங்கே போகும் என்று அசலூரார் கேட்டால் சிரிப்பார்கள். பக்கத்தில் சின்னதாக இன்னொரு வாய் வெட்டி அதில் அணையாமல் நெருப்பு வைத்திருந்தார்கள், நெருப்பு கெட்ட காற்றை மேலே இழுக்க இழுக்க, பெரிய வாய் வழியாக நல்ல காற்று தானாக இறங்கும். தண்ணீருக்கு அடியில் சரிவாக ஒரு கண் திறந்து ஓடைப்பக்கம் விட்டிருந்தார்கள். எங்கெங்கோ ராஜாக்கள் குதிரை கட்டித் தண்ணீர் இறைத்தும் தீராமல் சுரங்கங்களைக் கைவிட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் மஞ்சக்கரட்டுக் குழி வைக்கோல்போல் உலர்ந்து கிடந்தது. அந்தப் பேச்சு எப்படியோ கடல் தாண்டிப் போய்விட்டது.

காலையில் முதலில் ஒருத்தன் மட்டும் விளக்கோடு இறங்கிக் காற்றுப் பார்ப்பான், அவன் முதல் கூடை கல்லை மேலே அனுப்பிய பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். அவனை இறக்குகிறவள் அவன் பெண்டாட்டி, இறக்கினவள்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றவும் வேண்டும். ஏனென்றால் கெட்ட காற்று குரல் கொடுக்கும், செத்துப்போன அப்பன் கூப்பிடுவான், பெறாத பிள்ளை கூப்பிடும், அதை நம்பிக் குழிச்சுவரில் வெட்டிய படிகளில் ஏறியவர்கள் கை நழுவி விழுந்திருக்கிறார்கள். அதனால் இறக்கிவிட்டவள் அவன் பேரைச் சொல்லும்வரை எவனும் குழிவாயைத் தாண்டிக் கால் வைக்கமாட்டான், தலையில் இடி விழுந்தாலும் வைக்கமாட்டான். ஊர் உலகத்தில் புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டிருக்க, மஞ்சக்கரட்டுப் பெண்கள் குழிவாயில் நின்று எட்டூர் கேட்கக் கத்துவார்கள். அந்த இடத்தில் சொன்னால் தோஷமில்லை, நாலடி தள்ளிச் சொன்னால் ஆயுசு போச்சு. வீட்டில் "ஏனுங் மாமா, சாப்பிட வாங்க" என்று குழைகிற பாவாயி குழிவாயில் நின்றால் "நாச்சிமுத்தூ, ஏறி வா!" என்பாள். அவன் தலையை நீட்டிக்கொண்டே, "ஏன் புள்ள, குரல்ல இம்புட்டு அதிகாரம்?" என்பான். "இங்க மட்டுந்தானுங் மாமா" என்பாள் அவள். கல்யாணமாகி மூன்று வருஷம், அந்தப் பேரை ஒரு நாளைக்கு ஒரு தரம் வாய் நிறையச் சொல்வதற்காகவே அவள் விடிவதைக் காத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது, கெடுத்தது அதுதான். முதல் கூடை மேலே வருகிறவரை குழிவாயில் யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது. பூமி நமக்கு இல்லை சொல்லாமல் கொடுக்க வேண்டுமென்றால் நாம் முதலில் இல்லை சொல்லக்கூடாது என்பது கணக்கு. இதை வைத்துக்கொண்டு மச்சினிச்சிகள் மூக்குத்தியைக் கேட்பதும், கொடுத்ததும் சாயங்காலம் திருப்பித் தருவதும் ஊரில் நடக்கிற விளையாட்டு.

அந்த வருஷம் தை முடிந்த கையோடு வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்து கரட்டடியில் கூடாரம் போட்டான். கூட வந்த துபாஷி, கடற்கரைப் பக்கத்து ஆள், சவரிராயன் என்று பேர், "துரை செடிகொடிகளைப் படிக்கிற பண்டிதர்" என்று சொன்னதால் ஊர் அவனுக்குச் செடித்துரை என்று பேர் வைத்தது. அவன் ஆவாரையையும் கொழிஞ்சியையும் பறித்துக் காகிதத்துக்கு நடுவில் வைத்து அமுக்கினான், ஒவ்வொரு காகிதத்துக்கும் பின்பக்கத்தில் குழியைப் படம் எழுதினான். இரண்டே நாளில் ஊருக்கு வெளிச்சமாகிவிட்டது. "செடி பாக்கறவரு எதுக்குங்க நெருப்பு வாய்க்குள்ள தலைய உட்டுத் தும்மறாரு?" என்று பெண்கள் துபாஷியை வம்புக்கு இழுத்தார்கள், துபாஷி வானத்தைப் பார்த்தான். மணியகாரர் அர்த்தனாரிக்கும் தெரியும், கரட்டின் நல்லது கெட்டதெல்லாம் அவர் வாக்குத்தான். "பாத்தாப் பாத்துட்டுப் போறான், கண்ணு பட்டாக் குழி தேஞ்சா போயிரும்?" என்று அவர் விட்டுவிட்டார். அடே அப்பா, எவ்வளவு பெரிய நினைப்பு.

செடித்துரை எல்லாவற்றையும் அளந்தான், எல்லாவற்றையும் எழுதினான், பிறகு கூடாரத்துக்குப் பின்னால் அதேமாதிரி ஒரு சின்னக் குழி வெட்டி அதேமாதிரி நெருப்பும் வைத்துப் பார்த்தான். குழியில் தண்ணீர் நிறைந்து நெருப்பு அவிந்தது. மூன்று தரம் வெட்டினான், மூன்று தரமும் தவளை வந்து குடியேறியதுதான் மிச்சம். படம் எழுதியும் விளங்கவில்லை, ஆகவே குழியையே கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தான். குழியைப்பற்றி எழுதினவன் ஊர் வழக்கங்களையும் எழுதாமலா இருப்பான்? மறுநாள் காலை நாச்சிமுத்து இறங்கிய பிறகு, முதல் கூடை வருமுன்னால், செடித்துரை துபாஷியோடு பாவாயி எதிரில் வந்து நின்றான்.

"அம்மா, இந்தக் குழியைத் தாம் கொண்டுபோகலாமா என்று துரை கேட்கிறார்" என்றான் துபாஷி, அவனுக்கே சிரிப்பு வந்தது.

பாவாயிக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. பாவம், வெயிலுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தாள். "எடுத்துக்கச் சொல்லுங்க, வேண்டாங்கல" என்று சொல்லிவிட்டு, கயிற்றை முளையில் கட்டி, வேலமரத்தடியில் அடுப்பிலிருந்த கம்பங்கூழைக் கிண்டிவிட முப்பது அடி நடந்தாள். திரும்பி வந்தபோது குழி இல்லை. தரை மட்டமாக இருந்தது, கொழிஞ்சி முளைத்துக் கிடந்தது, கயிறு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, துரையின் வண்டி ஓடைக்கு அந்தப்புறம் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. துபாஷி சவரிராயன் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். பாயைச் சுருட்டுகிற மாதிரி விளிம்பிலிருந்து சுருட்டி மரப்பெட்டியில் வைத்தார் என்றான். எப்படிச் சுருட்டினான் என்று யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. எப்படியானால் என்ன, போனது ஆள் அல்லவா. ஆண்கள் வண்டித்தடம் பிடித்துக் கடற்கரைவரை ஓடினார்கள், பதினோரு நாள் ஓடினார்கள், கப்பல் போய்விட்டிருந்தது.

நாச்சிமுத்துவின் தாய் செல்லாயி அந்த மட்டத்தரையில் மார்பை அடித்துக்கொண்டு மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள், குரல் கம்மிப்போகும்வரை கூப்பிட்டாள். பெற்றவளானாலும் இறக்கினவள் அவள் இல்லை. பாவாயி வாயைத் திறந்தாள். மணியகாரர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"அம்மிணி, வேண்டாம். இது இப்பக் குழிவாய் இல்ல, வெறுந்தரை. இங்க நின்னு நீ பேரைச் சொன்னா, எங்கயோ உசுரோட இருக்கிறவனை நீயே கொன்ன மாதிரி ஆயிரும்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது வழக்கத்துக்குச் சரி. ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லிப் புருஷனைத் தொலைத்தவள், இன்னொரு வார்த்தை சொல்லிக் கொன்றுவிடுவோமோ என்று நடுங்கிப்போய் வாயை மூடினாள். ஒன்பது வருஷம் மூடியே வைத்திருந்தாள்.

ஊர் இதையும் செரித்துக்கொண்டது, எதைத்தான் செரிக்காது. குழி இருந்த இடத்தை யாரும் மிதிக்கவில்லை, தலைச்சுமையோடு வருகிறவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள், கொஞ்ச நாளில் ஆடுகளும் சுற்றிப் போகப் பழகின. முதல் மாதம் முழுக்கப் பெண்கள் கூடையோடு வந்து வட்டமாக உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போனார்கள், கைப்பழக்கம் விடவில்லை. கரட்டின் அந்தப்பக்கம் புதுக்குழி வெட்டினார்கள், மூன்றாள் ஆழத்தில் தண்ணீர் பீறிட்டது. ஆண்கள் பாதிப்பேர் மேற்கே கிணறு வெட்டப் போனார்கள். துபாஷி சவரிராயன் கரைக்குத் திரும்ப முகமில்லாமல் ஊரிலேயே தங்கி, கேட்டதை அப்படியே சொன்ன பாவத்துக்கு நெருப்பு வாயில் விறகு போட்டுக்கொண்டிருந்தான். பெரிய வாய் போனாலும் சின்ன வாய் மிஞ்சியிருந்தது, அதன் நெருப்பை அணைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

பாவாயியை என்ன செய்வது என்பதுதான் ஊருக்குப் பெரிய தலைவலி. தாலியை வாங்கலாமா என்றால் அவன் செத்ததற்குச் சாட்சி இல்லை, மஞ்சள் பூசலாமா என்றால் அவன் வந்ததற்கும் சாட்சி இல்லை. மூன்று நாள் பேசி, அவள் குழியிலிருக்கிறவன் பெண்டாட்டி என்று ஒரு புதுமுறை ஏற்படுத்தினார்கள். அவளுக்குத் தாலி உண்டு, பூ கிடையாது. கல்யாண வீட்டில் நிலைப்படிக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக அவளுக்கு மணை போட்டார்கள், சாந்து கொடுத்தார்கள், அட்சதை கொடுக்கவில்லை. பின்னாளில் காப்பிமலைக்கும் பினாங்குக்கும் போய்த் தபால் போடாத ஆண்களின் பெண்டாட்டிகளுக்கும் சுற்று வட்டாரத்தில் இதே மணைதான் போட்டார்கள், குழிக்காரி என்றே சொன்னார்கள். அண்ணன்காரன் வந்து வேறு கல்யாணம் செய்துகொள் என்று கூப்பிட்டபோது பாவாயி உலக்கையைத் தூக்கினாள், அவன் மறுபடி வரவில்லை. மத்தியானமானால் அந்த மட்டத்தரை ஓரம் உட்கார்ந்து கம்பு குத்துவாள், தனக்குள் பேசிக்கொள்வாள், சில நாள் அழுவாள், ஒருநாள் ஆத்திரம் பொறுக்காமல், "போனவரு போனவருதான், என்னைய ஒரு சொல்லு கேட்டீங்களா" என்று தரையை உலக்கையால் குத்தினாள். பேரை மட்டும் சொல்லவில்லை. மாமியார் செல்லாயி, "நீ சிரிச்சுக்கிட்டு எம்பையனைத் தூக்கிக் கொடுத்தவதானே" என்று குத்திக்காட்டிவிட்டு அவள் தட்டில்தான் தன் கஞ்சியைப் பாதி ஊற்றுவாள்.

ஒன்பதாம் வருஷம் மாசி மாதத்தில் இன்னொரு வெள்ளைக்காரன் வந்தான். வயசு முப்பதுகூட இருக்காது, இளைத்துக் கறுத்திருந்தான், பெட்டியில்லை, காகிதமில்லை. நேரே மட்டத்தரைக்கு வந்தான், அவனும் அதை மிதிக்காமல் சுற்றி வந்தான், வந்து வாயைத் திறந்தான் பாருங்கள், சுத்தமான மஞ்சக்கரட்டுத் தமிழ்!

"கும்பிடறனுங். இதுல பாவாயிங்கிறது ஆருங்க?"

அவனுடைய தமிழ் பெண்களின் தமிழாக இருந்தது, அதிலும் குழாயடி இல்லாத காலத்துக் கிணற்றடிச் சண்டைத் தமிழாக இருந்தது. கூட்டத்தில் ஒரு கிழவி இருமியதும் முகத்தைத் திருப்பாமலே, "செல்லாயி ஆத்தாவுக்கு இன்னும் சளி கட்டியிருக்குதுங்ளா?" என்று கேட்டான். செல்லாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் சொன்னது இது. செடித்துரை குழியைத் தன் தேசத்தில் ஒரு பனிமலையில் விரித்து வைத்தான். அங்கேயும் காற்று தானாக இறங்கியது, தண்ணீர் நிற்கவில்லை, பண்டிதர்கள் வந்து வந்து பார்த்து எட்டுப் புத்தகம் எழுதினார்கள், எதுவும் விளங்கவில்லை. குழிவாய்க்கு ஒரு படி கீழே ஒரு கறுத்த மனுஷர் உட்கார்ந்திருக்கிறார், ரொட்டி கொடுத்தால் தின்கிறார், கம்பளி கொடுத்தால் போர்த்திக்கொள்கிறார், வெளியே வரமாட்டேன் என்கிறார். நாலு சிப்பாய்கள் இழுத்தும் அசையவில்லை. "நான் அங்க காவல்காரன்தானுங். அவரு பக்கத்துல உக்காந்து உக்காந்துதான் இந்தப் பேச்சுக் கத்துக்கிட்டேன். அவருகிட்ட பாதி, குழிகிட்ட பாதி."

"குழிகிட்டயா?" என்றார் மணியகாரர்.

"குழிக்குள்ள காது வெச்சா இந்த ஊரு கேக்குதுங்க. சேவல் கூவறது, கம்பு குத்தறது, நோம்பிக்கு மோளம் அடிக்கிறது, நீங்க பஞ்சாயத்துப் பேசினது, எல்லாங் கேக்குதுங்க. ஒம்பது வருசமா அவரு கேட்டுக்கிட்டேதான் இருக்காரு." அவன் பாவாயியைப் பார்க்காமல் சொன்னான். "உங்க குரல் வந்தா எந்திரிச்சு நிப்பாருங்க. படியில கையை ஊனிக்கிட்டு, அடுத்த சொல்லு தன்ற பேரா இருக்கும்னு நிப்பாருங்க. அப்பறம் உக்காந்துக்குவாருங்க."

பாவாயி அலறிய அலறலில் வேலமரத்துக் காக்கைகள் எழும்பிப் போயின. ஒன்பது வருஷம் அவருக்குக் கம்பு குத்துகிற சத்தம் கேட்டிருக்கிறது, உலக்கையால் தரையைக் குத்தி வைதது கேட்டிருக்கிறது, அவள் மூக்குச் சிந்தியதுகூடக் கேட்டிருக்கிறது, அவர் கேட்கக் காத்திருந்த ஒரு சொல்லை மட்டும் அவர் ஆயுசு கெட்டிப்படட்டும் என்று அவள் பல்லுக்குள் வைத்துப் பூட்டியிருந்திருக்கிறாள். மணியகாரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

காவல்காரன் இன்னும் முடிக்கவில்லை. குழிவாயை அகலப்படுத்தப் பங்குனி முதல் நாள் வெடிமருந்து வைக்க ராஜாவின் உத்தரவாகிவிட்டது, உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதைப் பொறுக்காமல் அவன் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறி எட்டு மாசம் வந்திருக்கிறான். பங்குனிக்கு இன்னும் மூன்று நாள்.

"கூப்பிட்டா வெளிய வந்துருவாருங்களா?" என்றாள் பாவாயி.

"வந்துருவாருங்க."

"இங்கயா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அங்கதானுங். வெளிய கால் வெச்சுட்டா இந்த ஊருச் சத்தம் ஒண்ணும் அவருக்குக் கேக்காதுங்க. நாலடி தள்ளி நின்னா எனக்கே கேக்காது."

"கப்பல்ல அனுப்பி வைக்க மாட்டாங்களா?"

"குழிச் சூட்சுமம் தெரிஞ்ச ஆளை எந்த ராஜா வெளிய உடுவாருங்க? சோறு போடுவாங்க, வெயில் பாக்கலாம், நடக்கலாம். ஊருக்கு மட்டும் உடமாட்டாங்க."

ஊர் பேசியது. கூப்பிடாதே, வெறுந்தரையில் சொன்னால் ஆயுசு போகும் என்றார்கள் சிலர். எப்படியும் மூன்று நாளில் போகப்போகிற ஆயுசுதானே என்றார்கள் சிலர். இந்தத் தடவை மணியகாரர் வாயைத் திறக்கவில்லை. செல்லாயி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கயாச்சும் உசுரோட இருக்கட்டும் புள்ள" என்றாள்.

பாவாயி ஒரு பகல் கேட்டாள். கடைசி நாள் காலையில் மட்டத்தரை ஓரமாக உட்கார்ந்து தரையோடு பேச ஆரம்பித்தாள், கேட்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்து பேசுவது அதுதான் முதல் தடவை. கூரை மாற்றியதைச் சொன்னாள், செவலைப் பசு மூன்று ஈற்று ஈன்றதைச் சொன்னாள், அண்ணனை உலக்கையால் விரட்டியதைச் சொன்னாள், அன்று சிரித்துக்கொண்டே எடுத்துக்கச் சொன்னதற்கு என்னை மன்னிச்சிருங்க மாமா என்றாள், வைததெல்லாம் வாய்ப்பேச்சு மாமா என்றாள், அங்கே குளிர் சாஸ்தியாமே, கம்பளியைக் காதோடு போர்த்துக்கங்க என்றாள். நான் கூப்பிட்டதும் ஏறிருங்க, ஏறினப்பறம் என் சத்தம் கேக்கலியேன்னு திரும்பி உள்ள போயிராதீங்க, கேக்காட்டியும் நான் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன் என்றாள். பொழுது மேற்கே சாய்ந்து, சொல்வதற்குக் கீரை விலைகூட மிச்சமில்லாதபோது எழுந்து நின்று முந்தானையைச் செருகிக்கொண்டாள். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"நாச்சிமுத்தூ, ஏறி வா!"

ஒன்பது வருஷம் உள்ளேயே கிடந்த குரல், கரட்டில் மோதித் திரும்பியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தரை, ஈரத்துணி நடுவில் தாழ்வது மாதிரி மெள்ளத் தாழ்ந்தது, கொழிஞ்சிச் செடிகள் உள்ளே சரிந்தன, குளிர்ந்த காற்று ஒன்று எல்லார் முகத்திலும் அடித்தது, குழி திரும்பி வந்துவிட்டது. உள்ளே இருந்த ஆள்தான் அதை அங்கே பிடித்து வைத்திருந்தார்போல, அவர் ஏறியதும் அது தன் வீடு பார்த்து வந்துவிட்டது. இது பண்டிதர்களின் எட்டுப் புத்தகத்திலும் இல்லை, மணியகாரருக்கும் தெரியாது. காவல்காரனுக்கும் தெரியாது.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. குலவை போட்டார்கள், மேளத்தைக் கொண்டுவா என்றார்கள், மேற்கே போனவர்களுக்கு ஆள் அனுப்பு என்றார்கள், நாளைக்கே பொங்கல் வைத்துக் கெடா வெட்டுவதென்று முடிவாயிற்று. விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்தார்கள், முப்பது ஆள் ஆழமும் காய்ந்து சுத்தமாக இருந்தது. மேல்படியில் ஒரு கம்பளி மட்டும் கிடந்தது. பாவாயி குனிந்து அதை எடுத்தாள், இன்னும் சூடு ஆறவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுத அழுகையைக் குழி வந்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து நாலு பேர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லாயி வந்தாள். குழிக்குள் எட்டிப்பார்த்தாள், மருமகள் முகத்தைப் பார்த்தாள்.

"எம்பையன் எங்க?"

"ஏறிட்டாருங் அத்தை."

"எங்க ஏறிட்டான்?"

"அங்கதானுங்."

மேளக்காரர்கள் வந்து சேர்ந்து தோலைக் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள்.

"அங்க அவனுக்கு ஆரு இருக்கறா?" என்றாள்.

"ஆரும் இல்லீங் அத்தை" என்றாள் பாவாயி.